பீங்கான் துறையிலிருந்து மூவர்

மார்ச் 3, செவ்வாய்

வரும் ஞாயிறு குடும்பத்தோடு அறிவியல் அருங்காட்சியகம் செல்வது என்று இன்று காலை பல் துலக்கும்போது தீர்மானித்தேன். ஆலோசனையில் நான் ஒருவனே கலந்துகொண்டதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பின்னணியை எழுதிவைப்பது நல்லது. அந்த அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் தொட்டு, திருகி, தள்ளிப் பார்க்கலாம். அங்கே காட்சிப் பொருள்களை வடிவமைப்பது என் மனைவி. ஒரு வருடமாகத் தற்காலிக, அரைநாள் வேலை. இப்போது முழுநாள் வேலையாக நிரந்தரமாக்குகிறார்கள்; பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் மகள் வாலுவுக்கு ஆறு வயது, பள்ளி மூன்றரைக்கு விடும். நான் வீடு திரும்ப எட்டாகும். மாலையில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் மனைவி கையெழுத்துப் போட முடியும்.

ஆள் இருக்கிறார். அண்ணன் வீட்டிலிருந்து பத்து நாள் தங்க வந்திருக்கும் என் அப்பா. அடுத்த வாரம் புதன்கிழமை திரும்புகிறார். இங்கேயே இருந்துவிடச் சொல்லி நேற்று ஜாடையாகக் கேட்டேன்.

"அவ விளையாட்டுச் சாமான் செய்யப் போறதுக்கு நான் வீட்டுக் காவலா?" என்றார்.

மார்ச் 4, புதன்

மனைவியிடம் திட்டத்தைச் சொன்னேன். அவள் செய்ததை அப்பா நேரில் பார்த்தால் மனம் மாறுவார் என்று.

"உங்க அப்பாவா? எதையாவது தொடுவாரா அவரு?"

கேள்வி நியாயமானது. அப்பா முப்பது வருடம் பீங்கான் கடை வைத்திருந்தார். கடைக்குள் நுழையும் முன் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். நடக்கப் பழகியபோதே எனக்கும் அண்ணனுக்கும் இதுவும் பழகிவிட்டது. இன்றும் நான் காய்கறிக் கடைக்குள் அப்படித்தான் போகிறேன். கடைக்காரர் எடைக்கல்லை அவசரமாகத் துடைக்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

வாலு இன்று குளியலறைக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனாள். தாத்தாவின் பயிற்சி. திட்டம் ஆட்டம் காண்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

மனைவிக்கு இன்று பணி, முன்னதாகவே போய்விட்டாள். நாங்கள் மூவர் பத்து மணிக்கு நுழைந்தோம். அப்பா முன்னால், நான் நடுவில், வாலு கடைசியில். வரிசையாக, மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. எதையும் தொடவில்லை. ஒவ்வொன்றின் முன்னும் நின்றோம், பார்த்தோம், நகர்ந்தோம். அப்பா ஒரு மேசையைக் குனிந்து பார்த்து "ம்" என்றார்.

மூன்றாவது கூடத்தில் மேலாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"சார், முன்னாடியே சொல்லியிருந்தா வாசலுக்கே வந்திருப்பேன். எந்தத் துறையிலேருந்து வர்றீங்க?"

"பீங்கான்" என்றார் அப்பா.

மேலாளருக்கு வியர்த்தது. தீயணைப்புக் கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். "கழிவறையும் பாத்துடுறீங்களா சார்?" அப்பா பார்த்தார். நிறைவாக இருப்பதாகச் சொன்னார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாவது கூடத்தில் என் மனைவி இருந்தாள். அவள் செய்தது ஒரு வளைவு: தலையணை அளவு மரக்கட்டைகளை வளைந்த தாங்கியின் மேல் அடுக்கி, பிறகு தாங்கியை உருவிவிட வேண்டும். பசை இல்லை, ஆணி இல்லை. சரியாக அடுக்கியிருந்தால் நிற்கும்.

அம்மாவைக் கண்டதும் வாலு பின்னால் கட்டிய கையை விடுவித்துக்கொண்டு ஓடினாள்.

"கை! கை!" என்று அப்பா கத்தினார். "விழுந்தா யாரு காசு குடுக்கிறது?"

"விழறதுக்குத்தான் மாமா வச்சிருக்கு" என்றாள் மனைவி.

அறுபத்தொன்பது வருட வாழ்க்கையில் அப்பாவிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. "விழறதுக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். அதற்குள் வாலு அடுக்கியது சரிந்தது. அந்தச் சத்தத்துக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் ஒன்றும் உடைந்திருக்கவில்லை. ஒரு கட்டையை எடுத்தார். எடுத்தார்! கையால்! விளிம்பைத் தடவினார்.

"முனையெல்லாம் யாரும்மா மழுக்கினது?"

"நான்தான் மாமா. குழந்தைங்க கால்ல விழும்ல."

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அவர் அடுக்கியது முதல் தடவை விழுந்தது. இரண்டாவது தடவையும். முன்னால் வந்து நின்ற ஒரு பையனை, "என் முறைடா, போ பின்னாடி" என்று விரட்டினார். அடுத்த தடவை தாங்கியை உருவினார். வளைவு நின்றது.

"ஏறுங்க மாமா."

"நானா? எழுபத்தெட்டு கிலோம்மா!"

"தாங்கும். கணக்குப் போட்டது நான்."

மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பிறகு தோளை விட்டார். நடுவில் நின்றார். என்னவென்று எழுத? என் அப்பா, எழுபத்தெட்டு கிலோ, ஒரு ஆணிகூட இல்லாமல் — கீழே என் மனைவி, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு துளி பதற்றம் இல்லாமல். சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியை நான் கொஞ்ச நேரம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

இறங்கியதும் மேலாளரிடம் சொன்னார்: "இது என் மருமக செஞ்சது."

"தெரியும் சார், எங்க ஸ்டாஃப்தானே."

"உமக்குத் தெரியும். இவருக்குத் தெரியாதுல்ல?" என்று பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத ஒருவரைக் காட்டினார். அவரிடமும் சொன்னார். "தொட்டுப் பாருங்க, பயப்படாதீங்க" என்றும் சொன்னார். நானே கேட்டேன்.

மார்ச் 9, திங்கள்

அப்பா அண்ணனோடு தொலைபேசியில்: "பசை கிடையாதுடா. ஆணி கிடையாது. மேல ஏறி நின்னேன்... சரி, நீ ஆபீஸ்ல என்ன பண்றே? மெயிலா? அது மேல ஏறி நிக்க முடியுமா?"

அண்ணன் என்ன பதில் சொன்னான் என்று தெரியவில்லை. நீளமாக இல்லை.

மார்ச் 12, வியாழன்

மனைவி இன்று கையெழுத்துப் போட்டாள். மூன்றரைக்குப் பள்ளி வாசலுக்கு அப்பா போனார். அவருடைய கட்டிலை நான் எழுதும் அறையில் போட்டாகிவிட்டது. இதைச் சமையலறை மேசையில் எழுதுகிறேன்.