லின் சார் வீட்டுக்கு வந்திருந்தார்

என் வாயாடி அக்காவுக்கு,

லின் சார் வீட்டுக்கு வந்திருந்தார். உன் காரியம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மைசூரை அடுத்த நஞ்சன்கூடு பக்கம் உன் ஆலையில் இயந்திரங்களைப் பொருத்த வந்த சீனப் பொறியாளர். நீ சொல்லிச் சொல்லியே எங்களுக்குப் பழக்கமானவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆப்பிள் பையோடு நின்றபோது, நான் நினைத்திருந்ததைவிட இளையவராகத் தெரிந்தார்.

அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உன் படத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். உன்னைப் பற்றிப் பேசுவதற்கு நீ தேவைப்பட்டாய்.

அவரே கைபேசியை எடுத்து அந்த அகராதியைத் திறந்தார். சீனம் கற்க நீ வைத்திருந்த அதே சீன-ஆங்கில அகராதி. ஆலையில் நீங்கள் இருவரும் அதை வைத்துத்தான் பேசிக்கொள்வீர்களாமே. அவர் ஒரு சொல்லைத் தட்டி நீட்டுவார். நீ ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, உன் பதிலுக்கு ஒரு சொல்லைத் தேடி நீட்டுவாய். முழு வாக்கியத்தையும் மொழிபெயர்க்கும் செயலிகளை நீ நம்பியதே இல்லை. "நாம சொல்லாததையெல்லாம் அது அழகா சொல்லிடும்டா" என்பாய்.

எத்தனை முறை என்னையும் கூப்பிட்டாய். கட்டிலில் படுத்தபடி திரையில் விரலால் ஓர் எழுத்தை வரைவாய். அகராதி அதைக் கண்டுபிடித்துவிடும். ஒலிக்குறியைத் தொட்டால் ஒரு பெண்குரல் உச்சரிக்கும். கூடவே நீயும்.

"எம்.ஏ. படிக்கிற துரை, ஒரு வார்த்தையாவது கத்துக்கடா. நாளைக்கு ஒரு சீனாக்காரி உன்னைக் கட்டிக்கிட்டு வந்தா என்ன பேசுவ?"

"அவ கன்னடம் கத்துக்கட்டும்."

சிரித்தோம். அவ்வளவுதான் என் சீனப் படிப்பு.

லின் சார் சொற்களை ஒவ்வொன்றாக நீட்டினார். சாப்பாட்டுப் பெட்டி. அவள். பசி. இல்லை. நான். சாப்பிடு. தினமும். கடைசியாக ஒரு சொல். அதற்கு நேரே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று பொருள்கள் இருந்தன. எல்லாமே குற்ற உணர்வைத்தான் சொல்லின.

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவர் கையால் காட்டினார். நீ டப்பாவை அவர் பக்கம் தள்ளுகிறாய். அவர் வாரிச் சாப்பிடுகிறார்.

அப்போது புரிந்தது. கடைசி வாரங்களில் உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீணாகக் கூடாது என்று அவரிடம் கொடுத்திருக்கிறாய். இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் இரவுச் சாப்பாடும் அந்த டப்பாதான். அதைக் கழுவும்போதெல்லாம் அம்மா சொல்வாள்: "டப்பா காலி. ஒடம்பு நல்லாத்தான் இருக்கு." உன் கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று டாக்டர் கேட்டார். "நல்லா சாப்பிட்டாளே சார்" என்றாள் அம்மா.

ஏன் அக்கா சொல்லவில்லை? விடுப்பு எடுத்தால் சீனாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பமாட்டார்கள் என்றா?

"என்னடா சொல்றாரு?" அம்மா என் தோளை உலுக்கினாள்.

"உன் சமையல் நல்லா இருந்துச்சாம்மா. அக்கா அவருக்கும் குடுப்பாளாம்."

"ஹௌதா! அப்படியா!" நீ போனபிறகு அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "ஐயோ பாப, இங்க அவருக்கு யாரு இருக்கா? ஊட்டா ஆய்தான்னு கேளுடா." சாப்பிட்டாச்சா என்று கேட்கச் சொல்கிறாள்; சாப்பாடு என்று வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். நான் கேட்பதற்குள் புளியோகரேயைத் தட்டில் வைத்து அவர் முன் நகர்த்தினாள். "சாப்பிடுங்க சார்."

அவர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார். ஒரு வாய் சாப்பிட்டார். அழுதார். எழுந்து அம்மாவின் முன் நன்றாகக் குனிந்து நின்றார்.

"ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்? இன்னொரு கரண்டி வைக்கட்டா?"

அம்மா எதையும் மன்னிக்கவில்லை அக்கா. அவளுக்கு எதுவும் தெரியாது.

இப்போது வாரம் ஒருமுறை அவருக்கு டப்பா கட்டுகிறாள். உன்னோடு வேலை செய்த பக்கத்து வீட்டு ரேகாவிடம் கொடுத்தனுப்புகிறாள். "எம்பொண்ணு குடுத்ததை நான் நிறுத்துவனா?" என்கிறாள். லின் சார் அடுத்த மாதம் ஊருக்குத் திரும்புகிறாராம்.

அவர் சாப்பிட்டது தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீட்டியதைச் சாப்பிட்டார். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. உன் அகராதியில் மன்னிப்பதற்கான சொல்லைத் தேடினேன். கிடைத்தது. ஒலிக்குறியைத் தொட்டுக் கேட்டேன். நானே அதை அவரிடம் நீட்டிவிட முடியாது. அது அம்மாவிடமிருந்து வர வேண்டும். வருமா?

இதைப் பத்திரிகைக்குத்தான் எழுதுகிறேன். அம்மாவுக்குக் கன்னட எழுத்து மட்டும்தான் தெரியும் என்ற தைரியத்தில் தொடங்கினேன். பாதியில் கூச ஆரம்பித்துவிட்டது. ஊரெல்லாம் படிக்கலாம், அவளால் மட்டும் முடியாது. இது என்ன நியாயம்?

நீ இருந்திருந்தால் அன்றைக்கே சரியாகச் சொல்லியிருப்பாய் என்று எழுதப்போனேன். பிறகு நினைவு வந்தது. முதலில் மறைத்தவளே நீதான். உன்மேல் கோபப்படக்கூட எனக்கு இன்னும் வரவில்லை.

இந்த வாரம் டப்பா கட்டுவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். அழட்டும். திட்டட்டும். என்னை அடிக்கட்டும். அப்புறம் அவள் எதைச் சொல்கிறாளோ அதை, கூட்டாமல் குறைக்காமல், ஒவ்வொரு சொல்லாகத் தேடி லின் சாரிடம் காட்டுவேன். மன்னிக்க முடியாது என்றால் அதையும் காட்டுவேன். இந்தக் கடிதத்தை வேறு யாரும் படிக்கும் முன் அம்மா கேட்டிருப்பாள்.

உன் கூடப்பிறந்தவன்,
சண்டை போட ஆளில்லாத உன் தம்பி