வலது இறக்கையின் கடைசி இரண்டு அறைகள்

வைராக்குவா, விஸ்கான்சின்
11 மே 1997

அன்புள்ள வெர்னாவுக்கு,

நலமா என்று கேட்டால், "அடுப்பு வித்துட்டிருக்கேன், அப்புறம் பேசு" என்பாய். அதனால் கேட்கவில்லை. நேற்று நான் கட்டும் விமானத்தின் இடது இறக்கையையும் தகடு வைத்து மூடிவிட்டேன். கார் ஷெட்டில் இரண்டு இறக்கைகளும் அருகருகே நிற்கின்றன. கார்தான் நீ இருந்த காலத்திலிருந்து மழையில் நனைகிறது.

இடது இறக்கைக்குள் இரும்புக் கட்டி பிடித்தது மைலோ. மாட்டுப் பண்ணைக்காரனான அவன் கை, இறக்கையின் விலாச் சட்டங்களுக்கு நடுவே நுழைவேனா என்றது. நான் வெளியிலிருந்து தகட்டைப் பிடிக்கும் ரிவிட் ஆணியை அடிக்க வேண்டும், அவன் உள்ளே கட்டியை அழுத்தி அதன் வாலை நசுக்க வேண்டும். "சரியாடா?" என்றால், "சரின்னுதான் நெனைக்கிறேன்" என்பான். "நெனைக்காத, தடவிப் பாரு!" கோணலான பதினாறைத் துளைத்து எடுத்துத் திரும்ப அடித்தோம்.

வலதுக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று கோடைக்கு முன் நீ தோள்வரை கையை உள்ளே விட்டு, ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றாய். சரக்கில் கீறல் இருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் விலை சொல்பவள் நீ. திருப்பிப் பார்க்காமலே மூடினேன்.

செப்டம்பரில் பறக்கலாம். நீ வந்து நின்று பார். வந்தபின் கிரீன் பேவுக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

உன்
ஆர்லன்

கிரீன் பே
19 மே 1997

அன்புள்ள ஆர்லன்,

கடிதம் கிடைத்தது. ஸ்டர்ஜன் பே பக்கம் மூடிப்போன ஒரு உணவுவிடுதியின் சமையலறைச் சாமான்களை விற்பதற்காக மொத்தமாக எடுத்திருக்கிறேன். மீன் வறுக்கும் தொட்டிகளில் பத்து வருட எண்ணெய்ப் பிசுக்கு. சுரண்டிச் சுரண்டித் தோள் விட்டுப்போகிறது. இந்தத் தொழிலை வேண்டி விரும்பிப் பிடித்தவள் நான்தான், யாரைக் குறை சொல்ல?

நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மைலோவின் மனைவி சொன்னாள். ரொட்டியும் சீஸும் மட்டும் உணவாகாது.

வலது இறக்கைக்குள் ஒரு தடவை கண்ணாடி விட்டுப் பார்த்துவிடேன். சும்மா சொல்கிறேன். பார்ப்பதில் நஷ்டமில்லை.

அன்புடன்
வெர்னா

வைராக்குவா
8 ஜூன் 1997

அன்புள்ள வெர்னா,

நீ சொன்னதற்காகக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டுப் பார்த்தேன். சட்டங்களுக்கு இடையே உள்ள நடு அறைகள் தெரிகின்றன, எல்லாம் அழகாக நசுங்கியிருக்கின்றன. நுனிப் பக்கத்துக் கடைசி இரண்டு அறைகள் தெரியாது. அங்கே உன் கையைத் தவிர வேறு எதுவும் போனதில்லை. பார்க்க வேண்டுமானால் கீழ்த் தகட்டையே உரிக்க வேண்டும். எதற்கு?

நேற்று இறக்கைகளை விமானத் திடலுக்குக் கொண்டுபோனோம். வலதைத் தூக்கிச் சாய்த்தபோது உள்ளே ஏதோ ஒன்று டிக் டிக் என்று நுனிவரை உருண்டது. மைலோ, "உள்ள எலி குட்டி போட்டிருக்கோ?" என்றான். துளைபோட்டபோது விழுந்த துண்டாக இருக்கும்.

உன்
ஆர்லன்

கிரீன் பே
30 ஜூன் 1997

அன்புள்ள ஆர்லன்,

ஒரு நல்ல செய்தி. மினசோட்டாவில் ஒருவர் இதே விமானத்தைக் கட்ட ஆரம்பித்து, கண் பார்வை போய் நிறுத்திவிட்டார். அவரிடம் முடித்த வலது இறக்கை ஒன்று இருக்கிறது. கட்டியது கப்பல் கட்டும் துறையில் முப்பது வருடம் இருந்த கை. நான் நேரில் போய்ப் பார்த்தேன், உள்ளே வெளியே எல்லாம் சுத்தம். வாங்கி உனக்கு அனுப்பிவிடுகிறேன். நீ எதுவும் தர வேண்டாம். உன்னுடைய வலதை எனக்குக் கொடுத்துவிடு, கடைச் சுவரில் மாட்டிக்கொள்கிறேன்.

சரி என்று ஒரு வரி எழுது. லாரி தயாராக இருக்கிறது.

அன்புடன்
வெர்னா

வைராக்குவா
12 ஜூலை 1997

வெர்னா,

பத்தொன்பது வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நீ எதையும் யாருக்கும் சும்மா கொடுத்துப் பார்த்ததில்லை. என் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த குளிர்பெட்டியிலிருந்துகூடக் கதவுப் பிடியைக் கழற்றிக்கொண்டவள். இப்போது மினசோட்டாவரை ஓட்டிப்போய் முழு இறக்கையையே இலவசமாகத் தருகிறேன் என்றால், நான் என்ன நினைப்பது?

எதை வாங்கப் பார்க்கிறாய்? நேராகச் சொல்.

ஆர்லன்

கிரீன் பே
20 ஜூலை 1997

ஆர்லன்,

சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அந்த ஜூலை மாதச் சனிக்கிழமை. ஏலத்தில் எடுத்த சரக்கோடு மூன்று மணிக்கு லாரி வரவிருந்தது. காலையிலிருந்து இரண்டு ரிவிட் கோணலாகிவிட்டன. இரண்டுக்கும் என்மேல் கத்தினாய். மூன்றாவதைக் கோணல் என்று சொன்னால் இன்னொரு இருபது நிமிடம் துளைப்பாய், அப்புறம் இரவுச் சாப்பாடுவரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். வேர்வையில் இரும்புக் கட்டி கையில் நிற்கவில்லை, வழுக்கியது. நீ "சரியா?" என்றாய். நான் "சரி" என்றேன். அப்புறம் தடவிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். நீ கேட்டாய், நான் சொன்னேன்.

கடைசி இரண்டு அறைகளில் மட்டும்தான். ஒரு பன்னிரண்டு ரிவிட் இருக்கும். நுனியிலிருந்து மூன்றாவது அறையும் மற்றவையும் நன்றாக இருந்தன, அதில் சந்தேகம் வேண்டாம்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். இதையாவது படி. அந்த இறக்கையோடு பறக்காதே.

வெர்னா

வைராக்குவா
2 ஆகஸ்ட் 1997

வெர்னா,

படித்தேன். முதலில் கண்ணாடி விட்டுப் பார் என்றாய். அப்புறம் இலவச இறக்கை. நான் மசியவில்லை என்றதும் இப்போது, பொய் சொன்னேன் என்கிறாய். கடிதத்துக்குக் கடிதம் ஏலத் தொகை ஏறுகிறது. ஏலங்களில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான், உன் கை எப்போது உயரும் என்று தெரியும்.

நான் பறப்பது உனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இறக்கைகளைக் கட்ட ஆரம்பித்த அன்றே, "இது உனக்கு நீயே சவப்பெட்டி செய்யிற வேலை" என்று சொன்னவள் நீ. என்னைத் தரையில் உட்கார வைக்க உன் பெயரையே கெடுத்துக்கொள்ளத் துணிந்திருக்கிறாய். அது எனக்குப் பாசமாகக்கூடத் தெரிகிறது. ஆனாலும் அன்று சொன்ன வெர்னாவைத்தான் நம்புகிறேன்.

29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து சான்று தருவார். செப்டம்பர் 7 ஞாயிறு காலை பறக்கிறேன்.

ஆர்லன்

கிரீன் பே
25 ஆகஸ்ட் 1997

ஆர்லன்,

சனிக்கிழமை நான்கு மணி நேரம் ஓட்டி வந்தேன். நீ வாசற்கதவை அடைத்துக்கொண்டு நின்று, "இங்க எதுவும் விக்கிறதுக்கு இல்ல, வெர்னா" என்றாய். "யோவ், உன் உசுருய்யா! உன்கிட்ட வியாபாரம் பேசவா வந்தேன்?" என்றேன். "அன்னைக்கு சரின்னு சொன்னப்பவும் உனக்கு இதே குரல்தான்" என்று கதவைச் சாத்தினாய்.

நீ சொன்னதை வழியெல்லாம் யோசித்தேன். இனி என் வாயால் எதைச் சொன்னாலும் நீ நம்பப்போவதில்லை.

எனவே இன்று காலை இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிட்டேன். எந்த இறக்கை, எந்த அறைகள், எந்த நாள், கட்டியைப் பிடித்தது யார், எல்லாம். என் பெயர், முகவரி, கையெழுத்தோடு. தகட்டைத் திறந்து பார்க்காமல் சான்று தரக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். போனிலும் பேசினேன். திறக்கச் சொல்வார்.

ஊர்முன் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். இனி நீ என்னோடு பேச மாட்டாய், தெரியும். நீ உயிரோடு இருந்து பேசாமல் இரு.

வெர்னா

வைராக்குவா
14 செப்டம்பர் 1997

வெர்னா,

திறந்தோம். இன்ஸ்பெக்டர், மைலோ, நான். மேலே இருந்த வண்ணத்தைச் சுரண்டி, வரிசையாகத் துளைத்து, தகட்டை மெல்ல உரித்தோம்.

சில ரிவிட்டுகளின் வால் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. சிலவற்றின் வால் நசுங்கவே இல்லை. ஒன்றை விரலால் தள்ளினேன், வெளியே வந்து விழுந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஞாயித்துக்கிழமை பறக்கப்போறேன்னா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். மைலோ வெளியே போய்விட்டான்.

என் உயிர் உன்னால் தப்பியது. இதை மனதாரச் சொல்கிறேன். உன்னை நம்பாமல் கதவைச் சாத்தியது என் தப்பு. அதற்கு மன்னித்துக்கொள்.

ஆனால் பன்னிரண்டு என்று எழுதியிருந்தாய். மூன்று தடவை எண்ணினேன், இன்ஸ்பெக்டரும் எண்ணினார். நாற்பத்தொன்று. என் உயிரைக் காப்பாற்ற எழுதிய கடிதத்திலும் உன்னால் குறைத்துத்தான் சொல்ல முடிந்தது. அந்த இரவு முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து, நீ எனக்குச் "சரி" என்று சொன்ன மற்ற நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவற்றைத் துளைத்துப் பார்க்க என்னிடம் கருவி இல்லை.

இறக்கையைச் சரிசெய்து பறப்பேன். தேதியை உனக்கு எழுத மாட்டேன். நீ வர வேண்டாம்.

மூன்றாவது அறை நன்றாக இருந்தது, சந்தேகம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நாளை காலை அதைத் திறக்கிறேன்.

ஆர்லன்