பன்றிச்சந்திக்கு வந்த ராஜா

1933 நவம்பர் 6
மழை. ரயில் வந்த பிறகு முட்டைக்கோசு வயல்கள் எல்லாம் வீடுகளாகிவிட்டன. வாசலுக்கு வாசல் அதே ரோஜாச் செடி. வெட்டவெளியில் ஸ்டேஷன் கட்டியவர்களுக்குப் பெயர் எதுவும் தோன்றவில்லை. எங்கள் மதுக்கடைப் பலகையைப் பார்த்து ‘ஹாக்ஸ் கிராஸ்’ என்று எழுதிவிட்டார்கள். பன்றிச்சந்தி. முன்பெல்லாம் லண்டன் சந்தைக்குப் போகும் பன்றிகள் இங்கேதான் இளைப்பாறும்.

நவம்பர் 14
குடியிருப்போர் சங்கத் தலைவர் டன்ஸ்டால் வந்தார். வங்கிக் குமாஸ்தா, தொப்பி மட்டும் மேனேஜருடையது.

“மிஸஸ் பில்பீம், பொண்ணுக்கு வரன் பாக்கறப்ப ஊர் பேரைச் சொல்ல முடியலீங்க. உங்க கடை இருக்கற வரைக்கும் இந்தக் களங்கம் போகாது.”

பிப்ரவரியில் என் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கூடாதென்று மனுக் கொடுப்பார்களாம். கடை போனால் நான் எங்கே போவேன்? இந்த மாடியில்தான் பிறந்தேன்!

அந்தக் காலத்தில் பன்றி ஓட்டிய ஜெம் கிழவர் சிரித்தார். “விடும்மா ஹெஸ்டர். பன்னி போன வழியிலதான் இவரு தெனமும் ஆபீஸ் போறாரு.”

டிசம்பர் 2
சங்கத்தார் கண்டுபிடித்துவிட்டார்கள்: வேட்டைக்கு வந்த ராஜா ஒருவர் இங்கே இளைப்பாறினாராம். எந்த ராஜா? அதற்கு இன்னும் கமிட்டி கூடவில்லை. ஸ்டேஷனுக்கு ‘கிங்ஸ் ரெஸ்ட்’ என்று பெயர் கேட்டு மனு போயிருக்கிறது.

1934 ஜனவரி 11
டன்ஸ்டால் பின்வாசல் வழியாக வந்தார். ராஜா எந்தக் கட்டடத்தில் இளைப்பாறினார் என்று ரயில் கம்பெனி கேட்கிறதாம். ஊரில் பழைய கட்டடம் என்னுடையது ஒன்றுதான்.

“நீங்கதான் மனசு வைக்கணும்.”

கொஞ்சம் கெஞ்சவிட்டேன். சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஒப்புக்கொண்டேன். அப்பா மாட்டிய பலகை போகும், கடை இருக்கும்.

பிப்ரவரி 8
நீதிபதிகள் முன்னால் எனக்காகச் சாட்சி சொன்னவர் டன்ஸ்டால்! “சரித்திரப் புகழ் வாய்ந்த விடுதி.” லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

மே 20
ஸ்டேஷனில் புதுப் பலகை. ராஜா இளைப்பாறிய இடத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ராஜா உட்கார்ந்த நாற்காலி எது என்று கேட்டார்கள். ஜன்னலோரம் கிடந்ததைக் காட்டினேன்.

ஜூலை 3
லண்டன் தம்பதியிடம் ராஜாவின் குதிரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெம் குறுக்கே புகுந்தார்.

“ராஜாவாவது கூஜாவாவது! பன்னிங்கதான் இங்க படுத்துக் கெடந்துச்சு. ஓட்டியாந்தவன் நானு, என்னக் கேளுங்க.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “வாய அடக்குங்க ஜெம். மரியாதையானவங்க வர்ற எடம் இது.”

பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். பாவம்தான். ஆனால் நம் ராஜாவைப் பற்றி அப்படிப் பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்?