அனுப்பாத செடி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் பைக்கஸ் செடியை எடுத்துப்போக நீ அனுப்பிய வண்டிக்காரர் வந்தார். வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீ உன் அம்மா வீட்டுக்குப் போனதும் என் மகன் அதை ஜன்னலோரத்திலிருந்து இருட்டு மூலைக்கு நகர்த்தினான். இலை இலையாகக் கொட்டியது.

"செத்துப்போச்சும்மா, தூக்கிப் போட்டுடு" என்றான்.

"சாகலடா, எடம் மாத்தினதுக்குக் கோவிச்சுக்கிச்சு" என்று சொல்லிப் பழைய இடத்திலேயே வைக்கச் செய்தேன். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடுகிறேன். இப்போது நுனியில் தளிர் வந்திருக்கிறது. ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பது அவன்தான். நான் சொல்லவில்லை.

பேத்தி போனில் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பித்தாள். என் ரத்தம், வேறெப்படி இருப்பாள்! ஐந்தாவதோடு நின்றாலும் கணக்கில் நான் புலி.

உங்களுக்குள் நடந்ததை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். செடி உன்னுடையது. வண்டியில் போட்டு உலுக்கினால் மறுபடி கொட்டிவிடும், அதனால் நீயே வந்து எடுத்துக்கொள். தொட்டி நல்ல கனம், ஒரு ஆளால் ஆகாது. எனக்கோ இடுப்புவலி. மறுபக்கம் பிடிக்க, ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில்தான் இருப்பான்.

இப்படிக்கு,
உன் மகளின் பாட்டி