யாரும் தொடாத லேப்டாப்

ஒரகடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? காலையில் ஃபோனில் கத்தியதற்குக் கோபப்படாதீர்கள். சின்ன விஷயம்தான்.

இங்கே வெல்டிங் ரோபோ அடிக்கடி நின்றது. அதன் புரோகிராம் ஓடும்போதே உள்ளே புகுந்து பிழையைத் தேட டீபக்கர் என்று ஒன்று உண்டு. என் புது லேப்டாப்பில் இரண்டு நாளாக அது இணையவே இல்லை. கேபிள், பாஸ்வேர்டு எல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் இணைய முடியும். ஏற்கெனவே யாரோ உள்ளே இருந்தார்கள். சூப்பர்வைசர் இராமச்சந்திரன் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உன் பேருதான் காட்டுது!" என்றார்.

அப்போதுதான் நினைவு வந்தது. பொங்கல் லீவில் வீட்டிலிருந்தே இன்டர்நெட் வழியாக ரோபோவில் இணைந்து வேலை பார்த்துவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் அங்கேயே வைத்துவிட்டு வந்த பழைய லேப்டாப்!

"நீதான யாரும் தொடப்பிடாதுன்னு சொல்லிட்டுப் போன? மூணு வாரமா அணையாம பாத்துக்கிட்டு, தூசி படாம அப்பா துண்டப் போர்த்தி வச்சிருக்கேன்" என்றீர்களே, உடனே அதை அணைக்கச் சொல்லித்தான் ஃபோனில் அப்படிக் கத்தினேன். நீங்கள் அணைத்ததும் இங்கே இணைந்துவிட்டது.

கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கிறது. லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள். அந்தத் துண்டையும் சுற்றி அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்,
மதிவதனி