பீங்கானில் படிந்த கடல்

மச்சான்,

இன்று காலை மோட்டார் சைக்கிள் கண்ணாடியைத் துடைத்தபோது விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. கடலுக்கும் என் வீட்டுக்கும் இடையில் மூன்று தெருக்கள் இருக்கின்றன. மாரி தொடங்கியிருக்க வேண்டும், இன்னும் ஒரு துளி இல்லை. உடனே உன் ஞாபகம்தான் வந்தது.

நீ மின்கம்பம் ஏறுகிறவன். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஒருநாள், கம்பி தாங்கும் பீங்கானில் சுரண்டிய தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தாய். "இது எங்கால வருகுது எண்டு எனக்குக் காட்டு மச்சான்" என்றாய். என் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கண்ணாடித் தகட்டை இரண்டு நாள் வைத்து, பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். சின்னஞ்சிறு சதுரங்கள், வெட்டி எடுத்தது போல. அலை உடையும்போது குமிழிகள் வெடித்துத் துளிகள் பறக்கும், நீர் காய்ந்து உப்பு சிறு மணிகளாகக் காற்றில் மிதக்கும், மேகம் அந்த மணிகளைப் பிடித்துக்கொண்டும் உருவாகும் என்று சொன்னேன்.

"அப்ப மழைக்கு வித்தும் இதானா?"

"ஓம். கனக்க மழைக்கு இதுதான்."

நீ கண்ணை எடுக்காமலே "சுப்ஹானல்லாஹ்" என்றாய்.

கடல் சூடாகிறது, காற்று மாறுகிறது, இனி எவ்வளவு உப்பு எழும்பும் என்று கேட்டாய். படித்தவர்களுக்கே இன்னும் உறுதியில்லை என்றேன். "எனக்கு ஒண்டு தெரியும். முந்தி மழை கழுவிப் போட்டுரும். இப்ப மழை சுணங்குது, உப்பு கிடந்து தடிக்குது" என்றாய்.

அந்த வருடமும் மழை பிந்தியது. எங்கள் தெருவில் கல்யாணம். அஸர் தொழுகைக்குப் பிறகு நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் கரண்டை நிறுத்தி, பீங்கான்களைக் கழுவத் தொடங்கினீர்கள். மாப்பிள்ளையின் வாப்பா வந்து நின்றார்.

"கல்யாண வீடு தம்பி. நாளைக்குக் கழுவ ஏலாதா?"

"வானம் கறுத்திட்டு காக்கா. தூறல் விழுந்தா உப்பு நனைஞ்சி நெருப்புப் பத்தும். அரை மணித்தியாலம் தாங்க."

நானும் கீழிருந்து "விட்டுட்டு இறங்குடா" என்றேன். நீ இறங்கவில்லை.

வேலை முடிந்து கரண்டு வந்த சற்று நேரத்தில் தூறல் விழுந்தது. பக்கத்துத் தெருவுக்கு மறுநாள்தான் முறை. அங்கே கம்பத்தில் ஒரு சீறல் கேட்டது. நீல நெருப்பு பீங்கானைச் சுற்றி ஊர்ந்தது, வெடித்தது, கம்பி அறுந்து வெறும் மணலில் விழுந்தது. நல்லவேளை, ஆளில்லை. எங்கள் தெருவின் பீங்கான்களில் நீர் மட்டும் சொட்டியது, அதன் கீழேதான் பந்தல் நிறையச் சனம் இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா உன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். நீயோ அந்த நெருப்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "நாம கண்ணாடில பாத்த அந்தச் சதுரமா இது?" என்று மெதுவாகக் கேட்டாய்.

போன வருடம் நெஞ்சுவலி வந்து, ஒரே நாளில் நீ மௌத்தானாய். மையவாடியில் உன் குழிக்குள் மண் தள்ளும்போது மழை பிடித்தது. எல்லோரும் குடை விரித்தார்கள். நான் நனைந்தேன். கரையில் உடைந்த ஏதோ ஓர் அலையின் உப்பு மேலே போய், மேகமாகி, உன்மேல் இறங்குவதாக நினைத்தேன்.

இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் போகிற வழியில் கடல் இரைவது கேட்டால் நின்றுவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாமல் எத்தனை கோடி உப்பு மணிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. முதல் பாடத்துக்குச் சுணங்குகிறது. சுணங்கட்டும் மச்சான்.