ஊது மணத்த வான்கோழி

மச்சான்,

நான் டியூட்டிக்குப் போகிறேன். இரண்டாவது வான்கோழி பிரிட்ஜில் இருக்கிறது. சில்லென்று இருக்கும்போதே புகையடுப்பில் வையுங்கள். குளிர்ந்த இறைச்சியில்தான் புகை நன்றாகப் பிடிக்கும். முதல் மூன்று மணி நேரம் சூடு குறைவாகவே இருக்கட்டும், பிறகு கூட்டுங்கள். பெரிய கல்யாணச் சமையல் பண்டாரி மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறக்க வேண்டாம்.

புகை இன்னும் வேண்டுமென்றால், பால் பவுடர் டின்னில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் அமெரிக்க மேனேஜர் அடுப்போடு விட்டுப்போன மரத்தூள் குச்சிகளை அதில் நிரப்பிப் பற்றவைத்து உள்ளே வையுங்கள். மரத்தூள் குச்சி, மச்சான். என் அலமாரியில் வாசனைக்கு வைத்திருக்கும் ஊதுக்கட்டை, அந்த அகில் கட்டை இல்லை.

போன வெள்ளிக்கிழமை வான்கோழி புதுமாப்பிள்ளை மாதிரி மணந்தது. விருந்துக்கு வந்த கௌஸ் காக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதத் தின்னவா தம்பி, சட்டையில பூசிக்கவா?" என்றார். அல் ஐன் ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவரையே இன்றைக்கும் கூப்பிட்டிருக்கிறீர்கள். நல்ல ரோஷம்.

பத்ருன்னிசா

மறந்துவிட்டேன்: நீங்கள் எரித்த ஊது நம்ம கல்யாணத்துக்கு எங்க உம்மா தந்தது. காக்காவிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டீர்கள். என்னிடம் உப்பு சரியா என்றுதான் கேட்டீர்கள்.